துருப்பிடித்தது வீரரா, குறிப்பேடா?

கேள்வி: கொரோனாவால் 2020, 2021 இரண்டு ஆண்டும் நின்றுபோன ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. (டூரிஸ்ட் டிராஃபி) பைக் பந்தயம் 2022-இல் திரும்பி வந்தது. வந்த வருஷமே ஆறு உயிர் போயிற்று. அந்த ரோட்டை மறந்துபோனவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டதுதானே காரணம்? நின்றதை நின்றபடியே விட்டிருக்கலாமே?
– கோவை வாசகர் ஒருவர்

பதில்: ஆறு என்ற கணக்கு சரி. காரணம்தான் சரியில்லை.

மறந்துபோனவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? மலைப்பகுதியில் 27-ஆவது மைல்கல் அருகே இறந்த டேவி மோர்கனுக்கு அது 80-ஆவது டி.டி. பந்தயம். அதே ஆண்டு, 50 வயது ஜான் மெக்கின்னஸ் தன் 100-ஆவது பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தார். அந்த ரோட்டில் முதல்முறையாகப் போட்டியிட்ட கிளென் இர்வின் ஒரு சுற்றை மணிக்கு 129.849 மைல், அதாவது சுமார் 209 கிலோமீட்டர் சராசரியில் முடித்துப் புதுமுகங்களுக்கான சாதனையை உடைத்தார். இடைவெளிதான் வினை என்றால் இந்த மூன்றில் எதுவுமே கணக்கில் ஒட்டவில்லை. பழைய உதாரணமும் இருக்கிறது. கோமாரி நோய் பரவும் பயத்தில் 2001 பந்தயத்தை ரத்து செய்தார்கள். 2000-இல் மணிக்கு 125.69 மைலாக இருந்த சுற்றுச் சாதனையை 2002-இல் டேவிட் ஜெஃப்ரீஸ் 127.29-க்குக் கொண்டுபோனார். ஆறு பேர் இறந்ததும் புதிதல்ல. 1970-லும் ஆறு பேர். அதற்கு முந்தைய ஆண்டு பந்தயம் நிற்கவில்லை.

இன்னொன்றையும் மறந்துவிட்டீர்கள். டி.டி. வீரருக்கு இடைவெளி வருஷா வருஷம் உண்டு. 60.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடம் பொது ரோடு. மற்ற நாட்களில் அதில் பஸ் போகும், டிராக்டர் போகும். சட்டப்படி ரோட்டை மூடினால்தான் வேகமாக ஓட்டிப் பழக முடியும். பந்தயத்துக்கென்றே கட்டிய சர்க்யூட்டை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துச் சோதித்துப் பார்ப்பதுபோல இங்கே யாராலும் முடியாது. பந்தயத்துக்கு முந்தைய வாரத்துப் பயிற்சி நேரம்தான் கையில் இருப்பது, அதுவும் பெரும்பாலும் மாலை வேளைகளில். மலையில் மூடுபனி இறங்கினால் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்காது; ஹெலிகாப்டர் பறக்காவிட்டால் அன்றைய பயிற்சியும் கிடையாது. ஆகவே ரோட்டை மனப்பாடம் செய்யும் வேலை வீட்டில், வீடியோ பார்த்து நடக்கிறது. அதற்குக் கொரோனா தடை போடவில்லை. பெரிய வீரர்களில் பலர் அந்த இரண்டு வருஷமும் சர்க்யூட் பந்தயங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பின்னே எதுதான் துருப்பிடித்தது? மெக்கானிக்கின் குறிப்பேடு. 2019-இல் ஓடிய பைக் வேறு, 2022-இல் வந்த பைக் வேறு. 2020-இல் வெளிவந்த புது ஹோண்டா ஃபயர்பிளேடும் அதற்கடுத்த ஆண்டு வந்த பி.எம்.டபிள்யூ. எம் 1000 ஆர்.ஆரும் இந்த ரோட்டில் முதல்முறை ஓடியது 2022-இல்தான். பழைய பைக்குக்கு எழுதிவைத்த ஸ்பிரிங், ஆயில், ஸ்பிராக்கெட் (செயின் பல்சக்கரம்) கணக்கு எதுவும் புதியதற்கு அப்படியே பொருந்தாது.

தடத்தில் பிரே ஹில் என்ற இறக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் பாய்ந்து இறங்கி அடிவாரத்தில் சஸ்பென்ஷன் முழுவதுமாக அமுங்கும். பைக்கின் வெளியுறையான ஃபேரிங்கின் வயிறு ரோட்டில் உரசும். அதற்குப் பயந்து விறைப்பான ஸ்பிரிங் போட்டால் மேடுபள்ளங்களில் சக்கரம் ரோட்டை விட்டு எழும்பி ஹேண்டில்பார் உதறத் தொடங்கும். இளகலாகப் போட்டால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அடியில் முட்டி, திருப்பினாலும் திரும்பாது. நடுவழி ஒன்று உண்டு: ஸ்பிரிங்கை ஓரளவு இளகலாக வைத்து, ஃபோர்க்கில் ஆயில் மட்டத்தை ஐந்து ஐந்து மில்லிமீட்டராக உயர்த்திப் பார்ப்பது. உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய, அமுக்கத்தின் கடைசிப் பகுதியில் மட்டும் எதிர்ப்பு கூடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓடிப் பார்க்க ஒரு சுற்று வேண்டும். இருப்பதோ சில மாலைகள்.

பல்லாஃப் பாலத்தில் பைக் காற்றில் எழும்பும். பின்சக்கரம் முதலில் இறங்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறந்தபடியே விட்டால் பாரமில்லாத சக்கரம் தாறுமாறாகச் சுழலும். ரோட்டைத் தொட்ட கணத்தில் அந்த அடி செயினுக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும். எலக்ட்ரானிக்ஸ் தலைவலி இன்னொரு பக்கம். சர்க்யூட்டுக்காக எழுதிய, சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், சக்கரம் காற்றில் இருப்பதை வழுக்கல் என்று எண்ணிக்கொண்டு தேவையில்லாத இடத்தில் எஞ்சினை அடக்கும். சல்பி நேர்ரோட்டில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிக் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகியபடி ஓட வேண்டும். கியர் விகிதம் குட்டையாக இருந்தால் எஞ்சின் உச்ச வரம்பில் முட்டி நிற்கும். நீளமாக வைத்தால் ராம்சி ஹேர்பின் (கொண்டை ஊசி) வளைவில் இருந்து மலையேறும்போது இழுவை இருக்காது. எதிர்க்காற்றா பின்காற்றா என்று பார்த்துப் பின் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவார்கள், இல்லை குறைப்பார்கள். இடைவெளி உண்மையாகவே பறித்தது இந்த அனுபவத்தைத்தான். ஆனால் இதனால்தான் அவர்கள் இறந்தார்கள் என்று சொல்ல உங்களிடமும் ஆதாரமில்லை, என்னிடமும் இல்லை.

உங்கள் கோபத்துக்கு வேறு ஓர் இடம் காட்டுகிறேன். இரண்டு ஆண்டில் அமைப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. 2022-இல் ஒவ்வொரு வாகனத்திலும் ஜி.பி.எஸ். இருந்தது, மின்பலகையில் சிவப்புக்கொடி காட்டும் வசதியும் இருந்தது. தேவை எங்கிருந்து வந்தது என்பது 2018-ஐப் பார்த்தால் தெரியும். ஒரு விபத்துக்காகப் பயிற்சியை நிறுத்தி, வீரர்களை வந்த வழியே திரும்பிப் போகச் சொன்னார்கள். அப்படித் திரும்பிய ஒருவர் விபத்திடத்துக்கு விரைந்த அதிகாரிகளின் காரோடு நேருக்கு நேர் மோதிப் படுகாயமடைந்தார். 60 கிலோமீட்டர் ரோட்டில் யார் எங்கே இருக்கிறார் என்பது தெரியாததன் விலை அது.

இவ்வளவும் செய்தவர்கள் 2022-இல் சறுக்கியது எங்கே தெரியுமா? முதல் சைடுகார் (ஓட்டுநரோடு பக்கத்தில் இன்னொருவரும் செல்லும் மூன்று சக்கர வண்டி) பந்தயத்தில் அகோஸ் லீப் என்ற மேட்டில் பிரெஞ்சு ஜோடி ஒன்று விபத்தில் சிக்கியது. இறந்தவர் ஒலிவியே லவொரேல் என்று அறிவித்தார்கள். சில நாள் கழித்து, இறந்தவர் ஓட்டுநர் செசார் ஷனால், மருத்துவமனையில் கிடப்பவர்தான் லவொரேல் என்று திருத்தினார்கள். அவரும் அக்டோபரில் இறந்துபோனார். வண்டி எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் சொல்லும். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று சொல்லாது. இரண்டு குடும்பங்களுக்கு நேர்ந்த கொடுமை இது. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அதே அகோஸ் லீப்பில்தான் அந்த வாரக் கடைசியில் ராஜர் ஸ்டாக்டனும் மகன் பிராட்லியும் இறந்தார்கள். ஒரே இடம், ஒரே பிரிவு, ஒரே வாரம். மூன்று வருஷ மறதியைப் பற்றிப் பேசுவதைவிட அந்த மேட்டில் சைடுகார் எப்படி நடந்துகொள்கிறது என்று பேசுவது பயனுள்ளது.

'நின்றபடியே விட்டிருக்கலாமே' என்பதற்கு: யாரையும் அங்கே இழுத்துக்கொண்டு போவதில்லை. 1972-இல் அங்கே ஜில்பெர்ட்டோ பார்லொட்டி என்ற வீரர் இறந்தபின் உலக சாம்பியன் ஜியாக்கோமோ அகஸ்தீனி போன்றவர்கள் இனி வரமாட்டோம் என்றார்கள். 1976-உடன் டி.டி. உலக சாம்பியன்ஷிப்பிலிருந்து வெளியேறியது. அடுத்த ஆண்டு முதல் அந்தச் சாம்பியன்ஷிப்பின் பிரிட்டிஷ் பந்தயம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் சர்க்யூட்டுக்குப் போயிற்று. (அகோஸ் லீப் என்ற பெயரே அந்த அகஸ்தீனியால் வந்ததுதான்.) அதற்குமுன் உலகப் பட்டத்தின் புள்ளிக்காக வேறு வழியின்றி ஓடியவர்கள் உண்டு. அந்தக் கட்டாயம் போய் நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. ரோடு அந்தத் தீவின் ரோடு, மூடுவது அந்தத் தீவின் சட்டம். வேண்டாம் என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள் அவர்கள்.

அவர்களுக்கு நிறுத்தத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025-இல் வாரத்தின் பெரிய பந்தயமான சீனியர் டி.டி.யையே மலையில் அடித்த காற்றுக்காக ரத்து செய்தார்கள். பைக்குகள் எல்லாம் தயாராக நின்றன.