வடக்கு மேலே இருக்கட்டும்

அன்புள்ள அக்கா,

வேலைக்காகப் புதிய போன் வாங்கியிருக்கிறேன். இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் தெரியாத ஊர்களுக்கு வண்டி ஓட்ட வேண்டியிருக்கிறது. கூகுள் மேப்ஸ், வேஸ், ஹியர் விகோ, ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மேண்ட் என ஐந்து செயலிகளை இறக்கி வைத்திருக்கிறேன். ஒருவர் புகழ்வதை இன்னொருவர் திட்டுகிறார். எதை வைத்துக்கொள்வது? காசு கொடுத்து வாங்கினால் நல்லதா? தமிழில் குரல் வருவது முக்கியமா? பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மேம்பாலம் பக்கம் போனால் அம்புக்குறி கீழ்ச்சாலைக்குத் தாவிவிடுகிறது. சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

எனக்குத் திசையறிவு பிறவியிலேயே கிடையாது. பள்ளியில் படிக்கும்போது சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றியவன்தான். ஆனால் இப்போது மேப் இல்லாமல் நாலு தெரு தள்ளிப் போகக்கூடப் பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். போன மாதம் அம்மாவை வண்டியில் அழைத்துவந்த ஒரு சாயங்காலத்திலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடலாம்.

காசு கொடுக்க வேண்டாம், இலவசமாகக் கிடைப்பதே உங்கள் வேலைக்குப் போதும். குரல் எந்த மொழியில் வந்தாலும் இரண்டு நாளில் காது பழகிவிடும். பேட்டரிக்கு வண்டியில் சார்ஜர் வையுங்கள், அவ்வளவுதான்.

அம்புக்குறி தாவுவதற்குச் செயலியைத் திட்டாதீர்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குறைந்தது நான்கிடமிருந்து வரும் செய்தி எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்று பார்த்து, போன் தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த அலை ஒரு நானோநொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்டிமீட்டர் பயணம் செய்யும். உயரமான சுவரில் பட்டுத் திரும்பி 100 நானோநொடி தாமதமாக வந்தால், போனின் கணக்கில் 30 மீட்டர் கூடிவிடுகிறது. மேம்பாலத்துக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவில் 30 மீட்டர் இடைவெளி இருக்குமா? 2018 முதல் ஜிபிஎஸ்ஸின் இரண்டு அலைவரிசைகளை வாங்கும் போன்கள் வந்திருக்கின்றன. அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. இது போனைப் பொறுத்தது, செயலியை மாற்றித் தீராது.

சிக்னல் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குள் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. ரேடியோப் பெட்டி பாட்டைக் கேட்பதுபோல போன் செயற்கைக்கோளைக் கேட்கிறது. அது எதையும் மேலே அனுப்புவதில்லை. நெட் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் உடனே இறங்கிவிடும், இடம் சீக்கிரம் தெரியும். இல்லாவிட்டால் அதையும் செயற்கைக்கோளிடமிருந்தே வாங்க வேண்டும். நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அது சொல்லும் என்பதால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். நெட் போனதும் காணாமல் போவது மேப் மட்டும்தான். வெறும் திரையில் நீலப் புள்ளி ஒன்று நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இடம் தெரிகிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தப் புள்ளிதான் என் கண்ணில் நின்றது.

சரி, இப்போது திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திசையறிவு பிறவியிலேயே கிடையாது என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றியவன் என்கிறீர்கள். எழுதும்போது கை நிற்கவில்லையா? சுற்றியவர் திரும்பி வீட்டுக்கு வந்தாரே, எப்படி வந்தார்? தான் வளர்ந்த வீட்டுக்குள்ளேயே வழி தவறுகிறவர்கள் உலகத்தில் உண்டு. அது மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு நிலை, மிகச் சிலருக்கே இருப்பது. உங்களுக்கு அது இல்லை. உங்களிடம் இருந்த ஒன்றை நீங்கள் பயன்படுத்தாமல் விட்டுவிட்டீர்கள். அதற்குப் பிறவியின் மேல் பழி போடாதீர்கள். உங்களை நீங்களே இப்படிக் குறைத்துப் பேசுவது எனக்குக் கோபத்தையும் வருத்தத்தையும் சேர்த்தே தருகிறது.

அந்தச் சாயங்காலத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஒரு கண்ணில் கட்டு, மற்றதில் முன்பே பார்வை மங்கல். இரண்டையும் மூடிக்கொண்டு முன்சீட்டில் சாய்ந்திருந்தாள். பரிசோதனை, அது இதுவென்று அதற்குமுன் ஆறேழு தடவை நான் ஓட்டிய வழிதான் அது. போன் முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டாண்டில் இருந்தது. ஒரு பக்கம் சார்ஜ் ஏறுகிறது, திரை முழு வெளிச்சத்தில், மேலே நேர் வெயில். ஒரு கட்டத்தில் சூடாகிவிட்டதாக ஒரு அறிவிப்பு வந்து திரை அணைந்துபோனது. தொட்டால் விரல் சுட்டது.

வழி தெரியும் என்ற நினைப்பில் ஓட்டிக்கொண்டே போனேன். பெரிய ரவுண்டானா ஒன்று வந்தது. எந்த வழியில் வெளியேறுவது? யோசித்தால் மனதில் ஒன்றுமே வரவில்லை. சரியாகத் தோன்றிய ஒன்றில் திரும்பிவிட்டேன். பத்து நிமிடம் போயிருக்கும். அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: “ஏன்டி, வெயில் இடது கன்னத்துல சுடுது?”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: “வீடு தெக்காலதானே இருக்கு. சாயங்கால வெயில் வலது பக்கம்ல விழணும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தானே விழுந்துச்சு.”

வண்டியை ஓரம் கட்டினேன். தெற்கே போக வேண்டியவள் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தவளுக்கு அது தெரிந்திருக்கிறது. கண்ணைத் திறந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கன்னத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்துகொண்டாள். எனக்குத்தான் வீடு வந்துசேரும்வரை நெஞ்சு அடைத்தது.

ஆறேழு தடவை போன வழி ஏன் மனதில் இல்லை என்று அன்று இரவு போனை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தேன். அப்போதுதான் விளங்கியது. வழிகாட்டும்போது செயலி மேப்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அது திரையில் மேல் பக்கம். மருத்துவமனைக்குப் போகும்போதும் அம்புக்குறி கீழிருந்து மேலே போகிறது, வீட்டுக்கு வரும்போதும் கீழிருந்து மேலே போகிறது. எதிரெதிரான இரண்டு பயணங்கள் திரையில் ஒரே பயணமாகிவிடுகின்றன. அந்தத் திரையில் தெற்கு இல்லை, மேற்கு இல்லை, வீடு எந்தப் பக்கம் என்பது இல்லை. ‘200 மீட்டரில் இடதுபுறம் திரும்புக’ மட்டும் இருக்கிறது. ஆயிரம் தடவை போனாலும் அதில் மனம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது.

ஆகவே தம்பி, எந்தச் செயலி என்பதைவிட மேப் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதுதான் என் கவலை. அமைப்புகளுக்குள் போய் வடக்கை மேலே நிறுத்துங்கள். கூகுள் மேப்ஸில் வழிகாட்டல் அமைப்புகளில் அதற்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. ஓஸ்மேண்டில் திசைகாட்டிப் பொத்தானில் இருக்கிறது. இப்படி வைத்தால் வடக்கே போகும்போது அம்பு மேலே ஏறும், தெற்கே வரும்போது கீழே இறங்கும். போவது வேறு, வருவது வேறு என்று ஆகிவிடும்.

முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். தெற்கே போகும்போது உங்கள் வலது கை திரையில் இடது பக்கம் இருக்கும். குழப்பமாக இருக்கிறது என்று உடனே பழையபடி மாற்றிவிடத் தோன்றும். மாற்றாதீர்கள். இடதா வலதா என்பதைக் குரல் சொல்லட்டும், அந்த வேலைக்குத்தான் அது இருக்கிறது. கண்ணை மேப்புக்கு விடுங்கள், அதுவும் வண்டி நிற்கும்போது மட்டும். மூன்றாவது வாரத்தில் ரயில் பாதை இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் உட்காரத் தொடங்கும். எனக்கு அது நடந்துகொண்டிருக்கிறது, அதனால் சொல்கிறேன். நாலைந்து சாலைகள் பின்னிக்கிடக்கும் பெரிய சந்திப்பில் மட்டும் ஒரு நிமிடம் சுழலவிட்டுக்கொள்ளுங்கள், தப்பில்லை. தாண்டியதும் மறுபடி வடக்கு.

கிளம்பும்முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். முழு வழியும் ஒரே திரையில் தெரியும்படி சுருக்கிப் பாருங்கள். போகும் ஊர் வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது, நடுவில் எந்தப் பெரிய சாலையையோ ஆற்றையோ தாண்டுகிறோம், போகும்போது வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாமே எதிர்ப்பக்கம்.

லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனதில் ஏற்றிக்கொண்டு தேர்வில் தேற வேண்டும். மூளை ஆராய்ச்சியாளர் எலினர் மக்வையரும் குழுவினரும் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அதிக ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கு இன்னும் பெரிது. 2020இல் வந்த ஒரு ஆய்வு இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. ஜிபிஎஸ்ஸை அதிகம் நம்பி ஓட்டியவர்களுக்கு, தாமாக வழி கண்டுபிடிக்கும்போது இட நினைவு குறைவாக இருந்தது. அது சிறிய ஆய்வுதான், அதை வைத்து உங்களைப் பயமுறுத்தவில்லை. நடை விட்டால் கால் தளர்வதுபோலத்தான் இதுவும். நடந்தால் திரும்ப வரும்.

எந்தச் செயலி என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? இரண்டு போதும். சாலை நெரிசல் தெரிய கூகுள் மேப்ஸ். வண்டிகளில் போகும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் அது நெரிசலைக் கணக்கிடுகிறது, அதனால் நெட் இருந்தால் அதற்கு நிகர் குறைவு. அதிலும் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைக்கலாம். ஆனால் அப்போது வண்டிக்கு மட்டும்தான் வழி சொல்லும், நடந்து போக வழி தராது, நெரிசலும் தெரியாது.

இன்னொன்று ஆர்கானிக் மேப்ஸ். போகும் பகுதிகளை முழுதாக இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே எல்லாம் நடக்கும். அமைப்புகளை நோண்டிப் பார்க்கும் பொறுமை இருந்தால் அதற்குப் பதில் ஓஸ்மேண்ட். வேஸ் நெட்டை நம்பி இருப்பது, உங்கள் வேலைக்குச் சரிவராது. ஹியர் விகோ நல்லதுதான், நோக்கியாவில் வளர்ந்த மேப், நாடு முழுவதையும் இறக்கலாம். ஆனால் மூன்றாவது எதற்கு?

ஆர்கானிக் மேப்ஸும் ஓஸ்மேண்டும் பயன்படுத்துவது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. அந்தந்த ஊர்க்காரர்களும் வழிப்போக்கர்களும் போய்ப் பார்த்துக் குறித்துக்கொடுத்து வளர்ந்த மேப் அது. பரிசு பெற்று வருகிறவர் எதிரே வருகிறவருக்கு வழி சொல்வதையே ஆற்றுப்படை என்று ஒரு இலக்கிய வகையாக வைத்திருந்த மொழி நம்முடையது. நீங்கள் வாரத்தில் நான்கு நாள் யாரும் அதிகம் போகாத இடங்களுக்குப் போகிறீர்கள். மேப்பில் இல்லாத ஒரு பெட்ரோல் பங்க்கையோ பட்டறையையோ போனிலிருந்தே சேர்க்கலாம். அடுத்து வருகிறவருக்கு உதவும். அதைவிட, ஒரு இடத்தை மேப்பில் நீங்களே வைத்துவிட்டால் அது உங்களுக்கு மறக்காது.

அப்புறம் ஒரு வேலை தருகிறேன், தட்டக் கூடாது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பள்ளிக்குச் சைக்கிளில் போன வழியை வரையுங்கள். வீடு, திரும்பிய முனைகள், குறுக்கே புகுந்த சந்து, நாய்க்குப் பயந்து சுற்றிப் போன தெரு எல்லாம் அதில் வேண்டும். முடிக்கும்வரை போனைத் தொடாதீர்கள். வடக்கு எதுவென்று சந்தேகம் வந்தால், காலையில் வகுப்பறையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக வந்தது என்று யோசியுங்கள். வரைந்ததைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா