ஏர் ரைஃபிளில் புகை

கேள்வி: .177 ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் குழலில் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இப்போது சுட்டால் புகை, பட்டாசுச் சத்தம். 10 மீட்டரிலேயே பெல்லட்கள் (சிறு ஈயக் குண்டுகள்) ஒரே இடத்தில் படாமல் சிதறுகின்றன. ஏன்?

பதில்: எண்ணெய் பிஸ்டன் அறைக்குள் இறங்கிவிட்டது. பிஸ்டன் காற்றை அமுக்கும்போது எழும் சூட்டில், டீசல் இன்ஜினில் போலவே பற்றிக்கொள்கிறது. பெல்லட்டின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறுவதால்தான் சிதறல். விட்டுவைத்தால் பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷர் கருகும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

குழலில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உலர்ந்த துணியைப் பின்பக்கமிருந்து முன்வாய்க்கு இழுங்கள், துணியில் ஈரம் ஒட்டாமல் போகும்வரை. பிறகு 20, 30 பெல்லட் சுட்டால் மிச்சம் போய்விடும். அப்போதும் வெடித்தால் நிறுத்தி, மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுங்கள். வெறுமனே சுடாதீர்கள்: பெல்லட் தடுக்கும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை. துப்பாக்கிக் கட்டையின் முன் திருகாணிகளையும் பாருங்கள், அதிர்வில் தளரும். எண்ணெயா? வெளி இரும்புக்கு ஒரு சொட்டு, துணியில் தொட்டு.