வீட்டை விட்டு வெளியே போகாத நாய், பூனைக்கும் இதயப்புழு மருந்து தேவையா?

தேவைதான். வாசலைத் தாண்டாத பூனையையும் கொசு தேடி வந்து கடிக்கும். இதயத்திலும் நுரையீரல் ரத்தக் குழாய்களிலும் குடியேறும் ஒட்டுண்ணியான இதயப்புழு, ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு நேரடியாக ஒட்டாது. அது பரவுவது கொசுக்கடியால்தான்.

நாயும் பூனையும் சேர்த்து வளர்க்கும் அனுபவத்தில், இதைக் கேட்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மாதம் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் வரப்போகும் 30 நாளுக்குப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான மாதாந்தர மருந்துகள் வேலை செய்வது பின்னோக்கி. போன மாதம் கொசு உடம்புக்குள் விட்டுப் போன இளம்புழுக்களைத்தான் இன்றைய மாத்திரை கொல்கிறது.

அதனால்தான் தேதி தவறக் கூடாது என்கிறேன். நோயுள்ள நாயின் ரத்தத்தோடு கொசுவுக்குள் போகும் நுண்புழு (கண்ணுக்குத் தெரியாத இதயப்புழுக் குஞ்சு), வெப்பமான காலத்தில் சுமார் இரண்டு வாரத்தில் அடுத்த உயிருக்குத் தொற்றும் நிலையை அடைகிறது. அந்தக் கொசு கடிக்கும்போது கடிவாய் வழியாக உள்ளே நுழைந்து, தோலுக்கடியிலும் தசையிலும் ஏறத்தாழ இரண்டு மாதம் இளம்புழுவாக இருக்கிறது. மருந்துக்குச் சிக்குவது அப்போதுதான். அந்தக் கட்டம் தாண்டிவிட்டால் மாத்திரைக்கு எளிதில் மசியாது. நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் குடியேறி, ஆறேழு மாதத்தில் முழு வளர்ச்சி பெற்றுவிடும். பெண் புழு ஓரடி நீளம் வரை வளரும். நாயின் உடலில் 5 முதல் 7 ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

இரண்டு மூன்று மாதம் விட்டுப்போனால் இரட்டை மாத்திரை கொடுத்து ஈடுகட்ட முடியாது. உடனே மருத்துவரிடம் சொல்லி மறுபடி தொடங்குங்கள். சுமார் ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். வழக்கமான பரிசோதனை காட்டிக்கொடுப்பது வளர்ந்த பெண் புழுவைத்தான் என்பதால், மறுநாளே சோதித்து ‘இல்லை’ என்று வந்தாலும் நிம்மதி அடைய முடியாது.

நாய்க்கு நோய் வந்தால் சிகிச்சை உண்டு, ஆனால் கடுமையானது. வளர்ந்த புழுக்களைக் கொல்ல முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் மெலார்சொமின் ஊசிகள் வலிக்கும். செத்த புழுக்களின் துண்டுகள் நுரையீரல் ரத்தக் குழாய்களை அடைக்கலாம் என்பதால் மாதக்கணக்கில் ஓடவிடாமல், குதிக்கவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

பூனைக்கு அந்த வழியும் இல்லை. அந்த ஊசி பூனைக்கு ஆபத்து. பூனையின் உடலில் பெரும்பாலும் ஒன்றிரண்டு புழுக்கள்தான் இருக்கும், ஆனால் அதுவே போதும். இருமல், இளைப்பு, வாந்தி என்று ஆஸ்துமா மாதிரியே தெரியும். சில பூனைகளில் முதல் அறிகுறியே திடீர் மரணம். என்னைக் கேட்டால், நாயைவிடப் பூனைக்குத்தான் தடுப்பு மருந்து இன்னும் அவசியம். ஆனால் பலரும் விட்டுவிடுவது பூனையைத்தான்.

மாத்திரை கொடுத்ததும் நகர்ந்துவிடாதீர்கள். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து, நாம் திரும்பியதும் சோபாவுக்குப் பின்னால் துப்பிவிடும் நாய்கள் உண்டு. விழுங்குகிறதா என்று நின்று பாருங்கள். பூனைக்குச் சொட்டு மருந்து என்றால், பிடரிக்கு மேலே நக்கினாலும் எட்டாத இடத்தில் முடியை இரு பக்கமும் விலக்கி, தோல் வெள்ளையாகத் தெரிந்த பிறகு அதன் மேலேயே விடுங்கள். முடியில் விட்டால் வீண்.

நாயின் மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனையின் உயிரையே எடுத்துவிடும். மாடுகளுக்கான ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை அளந்து கொடுப்பதும் வேண்டாம். அளவு கொஞ்சம் பிசகினாலும் விஷம், கோலி போன்ற சில இன நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

குட்டி என்றால் எட்டு வார வயதுக்குள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கிவிடலாம். ஏழு மாதம் தாண்டிய நாய்க்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்கெனவே ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைய இருந்தால், தடுப்பு மருந்தால் அவை ஒரேயடியாகச் சாகும்போது நாயின் உடல் அதிர்ச்சி நிலைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.