விவாகரத்து நேரத்தில் கவுன்சலரைத் தேடுவது: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

மணமுறிவின் நடுவில் இருப்பவர்களோடும் அதைக் கடந்து வந்தவர்களோடும் பல வருடங்களாகக் கவுன்சலராக வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன். கேட்டவர் யார் என்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

கவுன்சலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட் என்கிறார்கள். நான் யாரிடம் போக வேண்டும்?

தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் ஓரளவு நடக்கிறது, ஆனால் மனம் கனக்கிறது என்றால் பயிற்சி பெற்ற கவுன்சலரோ சைக்காலஜிஸ்ட்டோ போதும். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, எழுந்து குளிப்பதே பெரும்பாடாக இருக்கிறது என்றால் முதலில் சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்கள். அவர் மருத்துவர், மருந்து எழுதித் தருவார். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் பலன் இல்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருந்தும் பேச்சும் சேர்ந்தே நடக்கலாம்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள், அல்லது நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்கா, விவாகரத்து கேட்டதே நான்தான். அப்புறம் எனக்கு ஏன் இவ்வளவு அழுகை வருகிறது? நான் எடுத்த முடிவு தப்பா?

அழுகை வருவதை வைத்து முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967இல் வாழ்க்கை நிகழ்வுகளின் பாரத்தை அளக்க ஒரு பட்டியல் போட்டார்கள். துணையின் மரணத்துக்கு 100 புள்ளி, அடுத்த இடம் விவாகரத்துக்கு, 73. யார் கேட்ட விவாகரத்து என்று அந்தப் பட்டியல் பிரிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் இறந்துவிட்டால் துக்கம் கேட்க ஊரே வரும். இங்கே அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், போனில் அவர் எண் இருக்கிறது, ஆனால் உங்கள் வாழ்க்கையில் இல்லை. பாலின் பாஸ் என்ற உளவியலாளர் இப்படி முடிவு தெரியாத இழப்புகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். முடிவை எடுத்தவருக்குக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்வதால் 'நான் அழலாமா' என்ற சந்தேகமும் வந்துவிடும். தாராளமாக அழலாம். அதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒருவர் எதிரில் உட்காருவதுதான் கவுன்சலிங்.

முதல் சந்திப்பில் என்ன கேட்டுத் தெரிந்துகொள்வது? எனக்குப் பேச்சே வராது.

பேச்சு வராதென்றால் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படியுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். படிப்பும் உரிமமும் என்ன என்று முதலில் கேளுங்கள், இதில் கூச்சமே வேண்டாம். பிரிவு, விவாகரத்தில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். துக்கம், பதற்றம் எல்லாம் கையாளத் தெரிந்தவராக இருப்பார், ஆனால் நடுவில் கோர்ட் தேதி வந்து விழும்போது மனம் எப்படிக் கலையும் என்று பழகியிருக்க மாட்டார். அதனால் கேட்கச் சொல்கிறேன்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இந்தக் கேள்வி: "விவாகரத்தைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?" எப்படியாவது சேர்த்துவைப்பதே தன் கடமை என்று நினைக்கும் கவுன்சலர்கள் இருக்கிறார்கள். 'அந்த ஆளை விட்டுத் தொலையுங்கள்' என்று இரண்டாவது சந்திப்பிலேயே சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் உங்களுக்கு வேண்டாம். முடிவு உங்களுடையது, அதைத் தெளிவாக எடுக்கவும் எடுத்த பின் தாங்கவும் துணையிருப்பேன் என்று சொல்பவரைத் தேடுங்கள்.

நானும் கணவரும் முன்பு சேர்ந்து போன கவுன்சலரிடமே நான் மட்டும் தொடரலாமா? எங்கள் கதை முழுக்க அவருக்குத் தெரியும்.

வேண்டாம் என்பேன். அவருக்கு இதுவரை உங்கள் இருவரின் உறவுதான் பொறுப்பு. உங்கள் கணவர் நம்பிச் சொன்னதும் அவர் மனதில் இருக்கும். இப்போது உங்களுக்கு மட்டுமேயான ஒருவர் தேவை. கதையை முதலிலிருந்து சொல்வது அலுப்புதான், ஆனால் இரண்டாம் முறை சொல்லும்போது வேறு மாதிரி சொல்வீர்கள். அதைக் கவனிப்பதே பெரிய உதவி.

நான் கவுன்சலரிடம் சொன்னது கோர்ட்டில் எனக்கு எதிராக வருமா? குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கிறது.

இந்தப் பயத்தில் பலர் கவுன்சலிங் பக்கமே வருவதில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்வது ரகசியம். பொதுவாக விதிவிலக்குகள் சில உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்ற தகவல், நீதிமன்ற உத்தரவு. இவை எந்த அளவுக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே இரண்டு பேரிடம் கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே கவுன்சலரிடம், "குறிப்புகளில் என்ன எழுதுவீர்கள், யார் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் வக்கீலிடமும் இதையே கேளுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. 'நான்தான் நல்ல பெற்றோர் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்' என்று கவுன்சலரிடம் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அவர் ஒரு பக்கத்தை மட்டுமே கேட்டவர். குழந்தை யாரிடம் இருப்பது நல்லது என்று மதிப்பிடுவது தனி வேலை, அதற்கு இரு தரப்பையும் பார்க்கும் வேறொருவர் வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கடிதத்தைக் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடலாம். அதைவிட, உங்கள் பலவீனங்களைத் தைரியமாகப் பேச இருந்த ஒரே இடம் போய்விடும். கடிதம் தேவை என்றானதுமே அந்த அறையிலும் நல்லவராக நடிக்க ஆரம்பிப்பீர்கள்.

அவர் அடிப்பார். 'இருவரும் சேர்ந்து கவுன்சலிங் போங்கள், சரியாகிவிடும்' என்று இரு வீட்டாரும் வற்புறுத்துகிறார்கள்.

அடி நடக்கும் இடத்தில் தம்பதி கவுன்சலிங் சரியான வழி இல்லை. அறைக்குள் நீங்கள் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு அதற்கான தண்டனை கிடைக்கும். சொல்லாவிட்டால் அந்தச் சந்திப்புக்கே அர்த்தமில்லை. நீங்கள் தனியாகப் போங்கள், வன்முறையிலிருந்து வந்தவர்களோடு வேலை செய்தவரிடம் போங்கள். பாதுகாப்பாக வெளியேறும் திட்டம்தான் அங்கே முதல் பேச்சாக இருக்கும். வெளியேறும் நேரத்தில்தான் ஆபத்து கூடும் என்பதால் திட்டத்தைப் பற்றி வீட்டில் மூச்சுவிடாதீர்கள்.

நான் ஆண். அழுகை வரவில்லை, கோபம் மட்டும்தான். என்னை மாதிரி ஆளுக்கு இது உதவுமா சார் / மேடம்?

உதவும். துக்கம் பலருக்கு எரிச்சலாக, குடியாக, ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆபீஸ் வேலையாகத்தான் வெளியே வரும். உட்கார்ந்து உணர்ச்சியைப் பற்றிப் பேசுவது ஒத்துவராது என்றால் நடத்தையையும் எண்ணங்களையும் நேரடியாகக் கையாளும் சிபிடி முறையில் பயிற்சி பெற்றவரைக் கேளுங்கள். எந்த நேரத்தில் கோபம் ஏறுகிறது, அதற்கு முந்தின நிமிடம் மனதில் என்ன ஓடியது என்று எழுதிப் பார்க்கும் வீட்டுப்பாடம் இருக்கும். நான் பார்த்த வரையில் அந்த முந்தின நிமிடத்தில் பெரும்பாலும் பயம்தான் இருக்கும், குறிப்பாகக் குழந்தைகளை இழந்துவிடுவோமோ என்ற பயம்.

நாலு முறை போய்விட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஆளை மாற்றலாமா?

மாற்றலாம், ஆனால் முதலில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் எழுதியதை நான் இன்றும் அளவுகோலாக வைத்திருக்கிறேன்: இலக்கு என்ன என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்கு என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்து, நடுவில் ஒரு பிணைப்பு. எது குறைகிறது என்று பார்த்து, "ஒவ்வொரு முறையும் பிரிந்துபோன துணையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போகிறேன்" என்று சொல்லுங்கள். நல்ல கவுன்சலர் நன்றி சொல்லிப் போக்கை மாற்றுவார். முகம் சுளித்தாலோ, உங்களைக் குறை சொன்னாலோ வெளியே வந்துவிடுங்கள். உங்களிடம் காதல் பேச்சு, வியாபாரப் பேச்சு எடுத்தால் இரண்டாவது வாய்ப்பே தராதீர்கள், அவருடைய உரிம அமைப்பில் புகார் கொடுங்கள்.

பணம் இல்லை. வக்கீலுக்கே எல்லாம் போகிறது.

வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குகிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் சிலர் அப்படி வைத்திருப்பார்கள். உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மூத்தவர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். குழு ஆலோசனையும் செலவு குறைவு. வாரம் ஒருமுறை முடியாதென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போங்கள்.

டைரி எழுதினால் போதாதா?

எல்லாருக்கும் இல்லை. டேவிட் ஸ்பாராவும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிரிவைப் பற்றித் திரும்பத் திரும்ப யோசித்து அர்த்தம் தேடுபவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதுவது மீள்வதைத் தாமதப்படுத்தியது. அன்றாடம் செய்ததைச் சும்மா எழுதியவர்கள் அவர்களைவிட நன்றாக இருந்தார்கள். எழுதி முடித்ததும் மனம் லேசாகிறதா, இன்னும் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் நிறுத்திவிடுங்கள்.

தீர்ப்பு வந்து ஒரு வருடம் ஆகிறது. வழக்கு நடக்கும்போது திடமாக இருந்தேன். இப்போதுதான் உடைகிறேன். தாமதமாக வந்துவிட்டேனா?

இல்லை. வழக்கு ஓடும்வரை அடுத்த தேதி, அடுத்த தாள் என்று மனதுக்கு ஒரு வேலை இருந்தது. அது முடிந்ததும்தான் இழப்பு உள்ளே வருகிறது. மானுடவியலாளர் பால் போஹனன் 1970இல் விவாகரத்தை ஆறாகப் பிரித்தார்: உணர்ச்சி, சட்டம், பணம், பிள்ளை வளர்ப்பு, சுற்றம், கடைசியாகத் தன்னைத் தனி ஆளாக மறுபடி உணர்வது. சட்டம் அதில் ஒன்றுதான். உங்களுக்கு மற்றவற்றில் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது. கவுன்சலரிடம் போகும்போது இந்த ஆறையும் எழுதி எடுத்துப் போங்கள், எதில் நிற்கிறீர்கள் என்று அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.

இன்னும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆன்லைனில் பேசினால் அவருக்குக் கேட்டுவிடும்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, நின்றிருக்கும் காரிலோ பூங்காவிலோ உட்கார்ந்து பேசுங்கள். புது மின்னஞ்சல் ஒன்று தொடங்கி, பாஸ்வேர்டையும் புதிதாக வையுங்கள். இருவரும் பயன்படுத்தும் காலண்டரில் நேரத்தைக் குறிக்காதீர்கள். யாராவது பக்கத்தில் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்பே கவுன்சலரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.