உப்பும் இருக்கிறது, காரீயமும் இருக்கிறது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இலங்கையில் உப்பளம் இருக்கிறது, போகலைச் சுரங்கத்தில் தரமான காரீயமும் (பென்சிலில் போடும் காபன், கிராபைற்று) இருக்கிறது. பிறகு ஏன் சோடியம் பற்றரியை நாங்களே செய்ய முடியாது? சோடியம் அயன் பெரியது, அதனால் காரீயத்துக்குள் போகாது என்று ரியூசனில் சொன்னார்கள். சரியா?
உயர்தர மாணவி, களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விசயமே இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன். பற்றரியில் காரீயம் ஒரு மின்வாய், சார்ஜ் ஏறும்போது அயன்கள் அதன் அடுக்குகளுக்கு இடையில் போய் உட்கார வேண்டும். சோடியம் அயன் பெரியது என்பது உண்மை. இலிதியம் அயனின் ஆரை 0.076 நனோமீற்றர், சோடியத்தினுடையது 0.102. காரீயத்தில் ஓர் அடுக்குக்கும் அடுத்ததுக்கும் இடையில் 0.335 நனோமீற்றர். ஆனால் பொற்றாசியம் அயன் 0.138 நனோமீற்றர், சோடியத்தைவிடப் பெரியது, அது காரீயத்துக்குள் நன்றாகவே போய் உட்காருகிறதே! ஆகவே பருமன் மட்டும் காரணமில்லை. உள்ளே போகும் அயன் அடுக்குகளை விரிக்க வேண்டும், அதற்குச் சக்தி செலவாகும், உள்ளே போனபின் காபனோடு சேரும் பிணைப்பு அந்தச் செலவை ஈடுகட்ட வேண்டும். சோடியத்தின் பிணைப்பு அங்கே பலவீனம், கணக்கு நட்டத்தில் முடிகிறது. அதனால் இலிதியத்தோடு கிராமுக்கு 372 மில்லியம்பியர் மணி வரை பிடிக்கக்கூடிய அதே காரீயம், வழமையான மின்பகுபொருளில் (அயன்கள் நீந்திப் போகும் திரவம்) சோடியத்தோடு அதில் பத்தில் ஒரு பங்களவுதான் பிடிக்கிறது. எங்கள் காரீயம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இது மாறாது.

இங்கேதான் வேறு அடுக்குப் பொருள்களைத் தேடிப் போனார்கள். பன்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்ததை நினைத்துப் பாருங்கள், இறுக்கி அடுக்கினால் கை நுழையாது, கொஞ்சம் தளர்வாக இருந்தால் நுழையும். மொலிப்டினம் இருசல்பைட்டில் அடுக்கு இடைவெளி 0.62 நனோமீற்றர், காரீயத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 2011இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்த மெக்சீன் என்ற தைத்தேனியம் காபைட்டுத் தாள்களும் இந்த வகைதான். தாளை நனோ அளவுக்கு மெல்லிதாக்கினால் இன்னொரு இலாபமும் உண்டு: அயன் கடக்கும் தூரம் பாதியானால் நேரம் காற்பங்காகும், அதனால் சார்ஜ் வேகமாக ஏறும்.

சரி, அப்படியானால் ஏன் கடையில் மொலிப்டினம் பற்றரி இல்லை? அதன் கொள்ளளவு கிராமுக்கு 670 மில்லியம்பியர் மணி என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் மனம் துள்ளும், ஆனால் அந்த அளவை எட்ட அயன் அடுக்குக்குள் போய் வந்தால் போதாது, பொருளே உடைந்து சோடியம் சல்பைட்டாகவும் மொலிப்டினமாகவும் மாற வேண்டும், பாய் அடுக்கே கலைந்துபோகிறது. திரும்பத் திரும்ப அப்படிக் கலைந்து சேர்ந்தால் கொள்ளளவு இறங்கத்தானே செய்யும். அப்புறம் நனோத் தாளுக்கு மேற்பரப்பு மிக அதிகம், முதல் சார்ஜிலேயே அந்தப் பரப்பு முழுக்க ஒரு படலம் படிகிறது, அந்தப் படலம் தின்கிற சோடியம் மறுபக்க மின்வாயிலிருந்து வந்தது, அது திரும்பி வராது. ஒரு கட்டுரையை வாசிக்கும்போது கிராமுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்க்காதீர்கள் மகள், முதல் சுற்றில் போட்டதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதையும் தேடிப் பாருங்கள். எனக்கு அதுதான் முதல் எண்.

உப்பைப் பற்றி உங்கள் எண்ணம் சரி. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 10.8 கிராம் சோடியம், இலிதியமோ 0.2 மில்லிகிராமும் இல்லை. அந்தப் பக்கம் எங்களுக்குக் குறையில்லை, குறை மறுபக்கத்துக் காபனில்தான்.

கேள்வி: எங்கள் ஆலையில் உமி மலைபோலக் குவிகிறது. இதில் பற்றரிக் கரி செய்யலாம் என்கிறார்களே?
நெல் ஆலை வைத்திருப்பவர், அக்கரைப்பற்று

பதில்: தம்பி, செய்யலாம். தொழிற்சாலைகள் இன்று சோடியம் பற்றரியில் போடுவது வன்காபன் என்ற ஒன்றைத்தான். அதிலும் அடுக்குகள் உண்டு, ஆனால் ஒழுங்கில்லாமல் கசங்கியவை, இடைவெளியும் 0.37 நனோமீற்றரைத் தாண்டும். 2000ஆம் ஆண்டிலேயே கனடாவில் குளுக்கோசைக் கருக்கிச் செய்த வன்காபனில் கிராமுக்கு சுமார் 300 மில்லியம்பியர் மணி எடுத்துக் காட்டினார்கள். உமியில் சிக்கல் சிலிக்கா. எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்களவு சாம்பல் மிஞ்சும், பெரும்பகுதி சிலிக்காதான், அதைச் சூடான காரக் கரைசலில் கரைத்து எடுக்க வேண்டும், பிறகு அந்தக் கழிவுநீரை எங்கே விடுவது? தயவுசெய்து வாய்க்காலில் வேண்டாம். சிரட்டையில் சாம்பல் மிகக் குறைவு, அதனால்தான் சிரட்டைக்கு மவுசு. ஆனால் ஏற்றுமதியாகிற சிரட்டை செயற்படு காபனை அப்படியே போட முடியாது. அதன் திறந்த துளைகளுக்குள் மின்பகுபொருள் புகுந்து, சோடியத்தைத் தின்னும் படலம் அங்கெல்லாம் படிந்துவிடும். துளைகள் மூடியிருக்க வேண்டும், அதற்கு ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல், ஒட்சிசன் இல்லாமல் சூடாக்க வேண்டும். சூளையில் ஆகிற வேலையில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இரசாயனத் துறையில் ஒரு மூட்டை உமியோடு போய்ப் பேசிப் பாருங்கள்.

கேள்வி: சோலாருக்கு சோடியம் பற்றரி வாங்கலாமா?
வாசகர், கல்லடி

பதில்: வாங்குமுன் உங்கள் இன்வேட்டரைப் பாருங்கள். சோடியம் பற்றரியின் வோல்ற்றளவு நிறைவிலிருந்து வெறுமைக்கு வருவதற்குள் இலிதியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரியைவிட அதிகமாக இறங்கும். அந்த வீச்சை ஏற்காத இன்வேட்டர் பற்றரியில் இன்னும் சார்ஜ் இருக்கும்போதே நின்றுவிடும். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள், உள்ளே இருக்கும் கரைப்பான் எரியக்கூடியதுதான்.