இட்டேரியில் நடக்க வேண்டிய வகுப்பு

வணக்கம் ஐயா,

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் இடையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர்கள், விவசாயிகள், கல்லூரிப் பிள்ளைகள் என்று சிலர் சேர்ந்து, யாரிடமும் காசு வாங்காமல், சுற்றியுள்ள ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுச்சூழல் வகுப்பு நடத்துகிறோம். பிளாஸ்டிக், மரக்கன்று, புவி வெப்பமாதல் என்று படம் போட்டுக் காட்டிப் பேசுவோம். போன மாதம் நொய்யல் கரையோர ஊர் ஒன்றில் ஒரு பெரியவர் எழுந்து, "தண்ணியக் கெடுத்தது நாங்களா அம்மிணி? கெடுத்தவங்களுக்குப் போய்ப் பாடம் நடத்துங்க" என்றார். எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நண்பர்கள் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். கிராமத்துக்குப் போய் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் முடிந்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியதில், அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அந்தக் கரையில் நின்று முதல் பேச்சாகப் பிளாஸ்டிக் பையைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

அதே விவசாயிகள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதை உங்கள் வகுப்பில் சொல்லுங்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது அந்த ஆற்றுப் பாசன நிலக்காரர்கள், சங்கமாகச் சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2009இல் அங்கேயும் அவர்கள் பக்கமே தீர்ப்பு வந்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீர் கெட்டுவிட்டது என்பது குடிப்பவர் நாக்குக்குத் தெரியும். வழக்கு நிற்க வேண்டுமானால் எந்தக் கிணறு, எந்தத் தேதி, எவ்வளவு உப்பு என்று காட்ட வேண்டும். உங்கள் குழுவுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் மாதம் ஒருமுறை, அதே கிணறுகளில், அதே தேதியில் அளந்து நோட்டில் எழுதட்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் அந்தக் கருவி தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். கிருமியோ, குரோமியம் போன்ற உலோகமோ இருப்பதைக் காட்டாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. கூடவே, கல் கட்டிய கயிற்றை விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் அளக்கலாம்.

படம் போட்டுக் காட்டுவதை நான் நிறுத்திவிடச் சொல்வேன். பிள்ளைகளை இட்டேரிக்குக் கூட்டிப் போங்கள். மாட்டுவண்டி போகிற அகலத்தில் மண்பாதை, இரண்டு பக்கமும் வேலி. அந்த வேலிக்குள் கிளுவை, கள்ளி, பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி. கீரியும் ஓணானும் செம்போத்தும் கவுதாரியும் அதற்குள்ளேயே வாழ்ந்துகொண்டிருக்கின்றன. தார் ரோடு போட அகலப்படுத்தும்போதும், உயிர்வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போடும்போதும் இவ்வளவும் ஒரே நாளில் போய்விடுகிறது. கொங்கு நாட்டில் இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல் வளர்த்து, அங்கங்கே வெள்வேல மரம் விட்டு, மழை குறைந்த இந்த மண்ணில் காங்கயம் மாட்டையும் ஆட்டையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய ஏற்பாடு அது. கோடையில் புல் காய்ந்தால் வெள்வேல நெற்று ஆட்டுக்குத் தீனி. எந்தக் காட்டில் எப்போது மேய்ச்சலை நிறுத்தி மண்ணுக்கு ஓய்வு கொடுப்பது, போத்து (கிளைத்துண்டு) வெட்டிக் கிளுவை நடுவது எப்போது, எல்லாம் உங்களிடம் கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? அப்பாருகளும் அம்மிச்சிகளும் பேசட்டும், பிள்ளைகள் எழுதட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

மரக்கன்று விஷயத்திலும் கவனம் வேண்டும். மரம் குறைந்த நிலமெல்லாம் வெறும் நிலம் என்று நினைத்துக் கொறங்காட்டில் நெருக்கமாகக் கன்று நட்டால், புல்லுக்கு வெயில் கிடைக்காமல் மேய்ச்சலே அழிந்துபோகும். நல்ல மனதோடு செய்கிற கெடுதல் என்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுற்றுச்சூழலைப் பள்ளிப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றம் அமைக்கிற தேசிய பசுமைப்படைத் திட்டமும் 2001இல் தொடங்கியது. உங்கள் பள்ளியில் அந்த மன்றம் பெயரளவில் இருந்தாலும் சரி, அதன் பெயரிலேயே கிணற்று நோட்டைத் தொடங்குங்கள். தலைமையாசிரியர் மாறினாலும் நோட்டு பள்ளியில் இருக்கும்.

நண்பர்கள் இரண்டு பேர் போனதற்காக உடைந்துவிடாதீர்கள். பல ஊருக்கு ஒருமுறை போவதைவிட, இரண்டே ஊருக்கு வருஷம் முழுக்கப் போங்கள். ஒரு ஊர்ப் பிள்ளைகள் தங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்ப் படித்துக் காட்டட்டும். வலைப்பின்னல் என்று நாம் சொல்வது அங்கேதான் தொடங்குகிறது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை கூடும்போது பிள்ளைகளோடு போய் வாருங்கள். கொறங்காடு வைத்திருப்பவர்கள் பலரை ஒரே இடத்தில் பார்க்கலாம். அதற்குள் கேள்விகளை எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்