நண்பர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடவுள் தண்டிப்பாரா?

இந்து நண்பர்களிடம் சொன்னால் நட்பு கெட்டுவிடுமோ என்று ஒரு பயம், சொல்லாவிட்டால் கடவுள் தண்டிப்பாரோ என்று இன்னொரு பயம், இதில் எதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டிக்க மாட்டார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு வந்துசேர எனக்கு ரொம்ப வருடம் ஆனது.

12 வயதில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போயிருந்தேன். கடைசி நாள் இயேசுவைப் பற்றி அச்சடித்த துண்டுத்தாள்களை, கைப்பிரதி என்பார்கள், ஆளுக்கு 50 கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் ஓர் அண்ணன் பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 3:18-ஐ வாசித்தார்: “அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன்.” நீ கொடுக்காமல் விட்ட ஆள் இன்றைக்கு ராத்திரி செத்துப்போனால் கணக்கு உன்னிடம்தான் என்றார்.

ஓடி ஓடிக் கொடுத்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, “எனக்கு வாசிக்கத் தெரியாதே தம்பி, என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார். நின்று சொல்ல எனக்கு ஏது நேரம்? கையில் இன்னும் 30 மிச்சம். கடைசியில் 12 தாள்களை ஒரு டவுன் பஸ் சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றிரவு அந்த 12 பேர் யாரோ, எவரோ என்று தூக்கமே வரவில்லை. கேள்வி கேட்ட பூக்கார அம்மா மட்டும் நினைவுக்கே வரவில்லை.

அந்த வசனம் பைபிளில் இல்லை என்று சொல்ல முடியாது, இருக்கிறது. ஆனால் மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். பாபிலோனில் கேபார் நதியண்டை சிறையிருப்பில் கிடந்த தன் ஜனங்களிடம் எசேக்கியேல் போகிறார். போனவுடன் பிரசங்கம் இல்லை. ஏழு நாள் அவர்கள் நடுவில் திகைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்கப்புறம்தான், ஜனங்களை எச்சரிக்க உன்னைக் காவலாளனாக வைத்தேன் என்ற கடவுளின் வார்த்தையே வருகிறது. அந்த அண்ணன் 15-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்திருக்கலாம்!

சில வருடங்களுக்கு முன் என் நண்பனின் அம்மா பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ராத்திரி துணைக்கு நானும் அவனும் மாறி மாறி இருந்தோம். “இதுதான் சமயம், சுவிசேஷம் சொல்லிடு” என்று சபையில் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும் மனுஷியால் எழுந்து போக முடியாது. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவரிடம் எதைச் சொன்னாலும் அது மிரட்டல்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவே கேட்டார்: “ஏய்யா, கண்ண மூடிக்கிட்டு என்னத்த முணுமுணுக்க?”

“ஒங்களுக்காகத்தாம்மா ஜெபம் பண்ணுதேன்.”

“சத்தமாத்தான் பண்ணேன், எனக்கும் கேக்கட்டும்.”

பண்ணினேன். குரல் உடைந்துவிட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனார். நான் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து, “யாருகிட்டய்யா பேசுன அன்னிக்கு?” என்று அவரே கேட்டபோது உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். எனக்கு இயேசு யார், ஏன் அவரை விட முடியவில்லை என்று எல்லாம். கேட்டுவிட்டு “நல்லாருக்குய்யா” என்றார். பிறகு பூஜை அறையில் விளக்கேற்றப் போனார். பழைய நானாக இருந்தால் தோற்றுவிட்டதாக நினைத்து வாடியிருப்பேன். அன்றைக்கு அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நண்பன் இன்றைக்கும் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறான். என்னிடமும் கேள்வி கேட்கிறான். போன கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வந்தவனிடம் பைபிளில் மாற்கு எழுதிய சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் வரும் பணக்காரனின் கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிட்டு வா என்கிறார் இயேசு. அவனால் முடியவில்லை, துக்கத்தோடு போய்விடுகிறான். அவனை இயேசு பார்த்து அன்புகூர்ந்தார் என்று மாற்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார். அவனைத் துரத்திக்கொண்டு போனதாக யாரும் எழுதவில்லை.

“அப்புறம் அவன் என்ன ஆனான்?” என்றான் நண்பன்.

“எழுதலடா.”

“சரி, இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து” என்று தட்டை நீட்டினான்.